கவர்னர் கை வைத்த தோள்

விரலை எண்ணாதீங்க தம்பி. வர்றவங்க எல்லாரும் மொதல்ல அதைத்தான் பண்றாங்க. பலகையில தமிழ், பிரெஞ்சு, இங்கிலீஷ்னு மூணு பாஷையில நம்ம சந்தோட சரித்திரம் எழுதியிருக்கு. தமிழ் வாசகம் என்னுது. படிக்க ஒருத்தருக்கும் நேரமில்ல. நேரா படத்துகிட்ட போறது, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்றது, சிரிக்கறது, போட்டோ எடுக்கறது. சரி, வந்ததும் வந்தீங்க, இப்படி உட்காருங்க. இந்தக் கல்லு பெஞ்சு பாரம்பரியக் குழு போட்டது. செவுத்தைப் பார்த்தாப்ல ஏன் போட்டாங்கன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க.

எம் பேரு தேசிங்கு. மூணாம் நம்பர் வீடு. அச்சாபீசுல முப்பத்தோரு வருஷம் ப்ரூஃப் பார்த்தவன். ஒரு புள்ளி, ஒரு கொம்பு விட்டதில்ல. எங்கண்ணுல தப்பாத பிழையே கிடையாதுன்னு, சே, தப்பின பிழையே கிடையாதுன்னு ரிட்டையர்மெண்ட் அன்னிக்கு மாலை போட்டுச் சொன்னாங்க. எதுக்குச் சொல்றேன்னா, நான் ஏதோ வாய்க்கு வந்ததை அளக்கற ஆளுன்னு நீங்க நினைச்சுடக் கூடாது பாருங்க.

நம்ம பாண்டிச்சேரியில பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரங்க இருந்தாங்க, இந்தப் பக்கம் தமிழ் ஆளுங்க. எங்க சந்து வாய்க்காலை ஒட்டினாப்ல இருக்கு பாருங்க, அதாவது தமிழ் ஆளுங்கள்ல வெள்ளைக்காரனுக்கு ரொம்பப் பக்கத்துல இருந்தவங்க நாங்க. பதினோரு வீடு. பதினொண்ணும் துபாஷ் வீடு. துபாஷ்னா தெரியும்ல? துரைக்கும் ஊருக்கும் நடுவுல நின்னு ரெண்டு பாஷையும் பேசி, வியாபாரத்தை முடிச்சுக் கொடுக்கற பெரிய மனுஷன். பாரம்பரியக் குழுவுல இருக்கற ஆராய்ச்சிப் பொண்ணு நஸீமா, காரைக்கால் பொண்ணு, அது ஒருநாள் என்னைக் கேட்டுச்சு: ஒரே சந்துல பதினோரு துபாஷ்னா தண்ணி தூக்கினது யாரு சார், துணி துவைச்சது யாருன்னு. அவங்கல்லாம் அடுத்த சந்தும்மான்னேன். அடுத்த சந்துல போய்க் கேட்டிருக்கு. அவங்களும் துபாஷாம். எப்படிப் பொய் சொல்றாங்க பாருங்க.

பழைய ஆளுங்க சிலபேரு இதை வண்டிக்கொட்டாய் சந்தும்பாங்க. சந்தோட கோடியில ஒரு ஓலைக்கொட்டாய் இருந்துச்சாம், வெள்ளைக்காரங்க வண்டி நிறுத்தற இடம். அந்தப் பேர்ல கல்யாணப் பத்திரிகை அடிச்சா சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க? நான் சந்து நலச்சங்கத்துக்குச் செயலாளர் ஆனதும் மொத வேலையா ஒரு தகரத்துல 'துபாஷ் சந்து'ன்னு பெயிண்ட் அடிச்சு மாட்டிட்டேன். தபால்காரர் ஆறு மாசம் மல்லுக்கு நின்னாரு. அப்புறம் அவரே பழகிட்டாரு. சரித்திரம்னா அப்படித்தான் தம்பி, மொதல்ல யாராவது ஒருத்தர் ஆரம்பிக்கணும்.

பதினோரு வீட்டுலயும் துபாஷ் இருந்தாலும் ஆதாரம் இருக்கறது எங்க வீட்டுல மட்டும்தான். ஏழாம் நம்பர் தணிகாசலம் வாயால சொல்லிக்குவான், அவ்வளவுதான். எங்ககிட்ட போட்டோ இருக்கு. எங்க கொள்ளுத்தாத்தா அய்யாக்கண்ணு. தலைப்பாகை, முறுக்கின மீசை, வலது கையில பளபளன்னு ஒரு தடி, பூண் போட்ட தடி. இடது தோள்ல ஒரு கை. கையை வச்ச ஆளு படத்துல இல்ல. சட்டத்துக்குள்ள அடங்கலைன்னு எங்க தாத்தா ரெண்டு பக்கமும் வெட்டிட்டாராம். கை மட்டும் நின்னுபோச்சு. அது யாரு கைன்னு எங்க வீட்டுல பொறந்த குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். கவர்னர் கை.

வருஷா வருஷம் ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரங்க பண்டிகை அன்னிக்கு, படத்தை எடுத்து வச்சு அந்தக் கைக்குச் சந்தனம் வைப்போம், நடுவுல ஒரு குங்குமப் பொட்டு. தாத்தா வச்சாரு, அப்பா வச்சாரு, நான் வைக்கறேன். பழைய சந்தனத்தைத் துடைக்கக் கூடாது, மரியாதைக் குறைவு. மேலேயே புதுசு வைக்கணும். மூணு தலைமுறை சந்தனம் கண்ணாடி மேல அடை மாதிரி ஏறி நிக்குது. எம் பொண்டாட்டி வேதவல்லி கல்யாணமாகி வந்த வருஷமே கேட்டா, சந்தனத்துக்கு மேல தெரியற கவர்னர் மணிக்கட்டு ஏன் இவ்ளோ கறுப்பா இருக்குன்னு. கறுப்பு வெள்ளைப் படம்டி, அதுல எல்லாம் கறுப்பாத்தான் தெரியும்னேன். அப்ப உங்க கொள்ளுத்தாத்தா மீசை மட்டும் ஏன் வெள்ளையா இருக்குன்னா. சிலபேருக்கு விளக்கிச் சொன்னாலும் ஏறாது.

இப்ப பச்சைவாழி கதைக்கு வர்றேன். பலகைக்குப் பக்கத்துல இஸ்திரி வண்டி நிக்குது பாருங்க, அது அவளுது. அவ அப்பன் அதே எடத்துல தேய்ச்சான், அவனுக்கு முன்னாடி அவன் அப்பன். வலது கையில ஆறு விரல் அவளுக்கு. பெருவிரலை ஒட்டி குட்டியா இன்னொண்ணு. அவ அப்பனுக்கும் இருந்துச்சு, அவ பொண்ணுக்கும் இருக்கு, நர்சிங் ரெண்டாம் வருஷம் படிக்குதே, அதுக்கு. ஆனா ஒண்ணு சொல்லணும், சட்டைக் கையில அவ ஒரு மடிப்பு வச்சான்னா கத்தி மாதிரி நிக்கும். பதினெட்டு வருஷமா என் சட்டை அவகிட்டதான் போகுது. நான் ஒண்ணும் ஆளை வச்சு வேத்துமை பார்க்கறவன் இல்ல.

போன வருஷ ஆரம்பத்துல பாரம்பரியக் குழுக்காரங்க வந்தாங்க. ஊர்ல ஒரு சந்தைத் தேர்ந்தெடுத்து, தரைக்குக் கல்லு பாவி, பழைய மோஸ்தர்ல விளக்கு போட்டு, சரித்திரப் பலகை வைக்கப்போறாங்களாம். நான் விடுவேனா? பதினெட்டுப் பக்கத்துல ஒரு மனு. சந்து எங்களுக்கே வந்துச்சு. குழுத் தலைவி ஒரு மதாம், பிரெஞ்சுல மேடம்னு அர்த்தம், ஆனா நம்ம ஊரு தமிழம்மாதான், பிரான்சுல முப்பது வருஷம் இருந்துட்டு வந்தவங்க, பருத்திப் புடவையும் பெரிய பொட்டுமா. அவங்களுக்குத் துபாஷ்ங்கற வார்த்தையைக் கேட்டாலே கண்ணு கலங்கிடும். எங்க போட்டோவைப் பார்த்துட்டு, தேசிங்கு சார், இதுதான் பலகையில நடுநாயகம்னாங்க. ஆறடிப் பலகை தம்பி. எங்க கொள்ளுத்தாத்தா, பேரு ஊரோட. கீழ, 'தகவல்: திரு. தேசிங்கு.' எனக்கு அன்னிக்கு மத்தியானம் சோறே இறங்கலை.

பலகை வைக்கத் தோதான எடம் சந்து முனைதான். அங்க இஸ்திரி வண்டி. குழுவோட சட்டம் என்னன்னா, சந்துக்குள்ள வண்டி, கடை எதுவும் இருக்கக்கூடாது. மூணு தலைமுறைக்கு மேல இதே சந்துல இருந்த குடும்பம்னு ஆதாரம் காட்டினா மட்டும் 'பாரம்பரியத் தொழில்'னு சீட்டு ஒட்டி விட்டு வைப்பாங்க. பச்சைவாழிகிட்ட என்ன ஆதாரம் இருக்கும்? ரேஷன் கார்டே அவ அப்பன் காலத்துக்கு அப்புறம் வந்தது. வண்டியை எடுக்கச் சொல்லி மொத கையெழுத்துப் போட்டவன் நான்தான். பகையெல்லாம் கிடையாது. பலகையை மறைக்குதுல்ல?

அவ என்கிட்டயே வந்தா. சட்டைங்களைக் கொடுத்துட்டு வாசல்லயே நின்னா. வேற எடம் போவக்கூடாதான்னு கேட்டேன். எந்தத் தெருவுல போய் நின்னாலும் அங்க ஒருத்தர் தேய்ச்சுகினு இருக்காங்கன்னா. வாஸ்தவம்தான். அப்புறம் சொன்னா:

"நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்ணா. எங்க பூட்டன் கன்னியப்பன் இந்தக் கொட்டாயிலதான் இருந்தாரு. உங்க வூட்டுப் பெரியவரும் அவரும் கூட்டாளிங்கன்னு எங்க ஆயா சொல்லிகினே இருக்கும்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கவர்னரே தோள்ல கை போட்ட மனுஷன், அவருக்குக் கூட்டாளி கொட்டாயில இருந்த கன்னியப்பனா? இந்த மாதிரி வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாதேன்னு சொல்லி அனுப்பிட்டேன். அவ சரிண்ணான்னுட்டுப் போயிட்டா. எதிர்த்துப் பேசியிருந்தா எனக்குச் சௌகரியமா இருந்திருக்கும்.

அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு நஸீமா வந்துச்சு. படிப்புக்காகப் பிரான்சு போயி அங்க ஆவணக் காப்பகத்துல நம்ம ஊரைப் பத்தித் தோண்டிட்டு வந்த பொண்ணு. குழுவுல சேர்ந்து ஆறு மாசம்தான். சார், உங்களுக்கு ஒரு சந்தோஷ சமாச்சாரம்னு ஒரு கவரை நீட்டுச்சு. உள்ள எங்க போட்டோ. வெட்டாத போட்டோ.

அந்தக் காலத்துல இங்க ஒரு வண்டி உண்டு தம்பி. ரிக்‌ஷா மாதிரி இழுக்கறது இல்ல, பின்னாடி நின்னு தள்ளறது. துரை உள்ள உட்கார்ந்து முன்னாடி ஒரு கம்பியைப் புடிச்சு, போற திக்குக்கு அவரே திருப்பிக்குவாரு. தள்றவன் பாட்டுக்கு ஓட வேண்டியதுதான். எங்க போறோம்னு அவனுக்குத் தெரியாது, துரையோட தொப்பிதான் தெரியும். ஒரு வண்டிக்கு ரெண்டு ஆளு. ஒருத்தன் தள்ளினா ஒருத்தன் கூட ஓடணும், மூச்சு வாங்கினா மாத்திக்கணும். அந்தப் படத்துல வண்டி இருக்கு. துரை உட்கார்ந்திருக்காரு. பின்னாடி ரெண்டு பேரு, வெறுங்காலோட. ஒருத்தர் எங்க கொள்ளுத்தாத்தா. பூண் போட்ட தடின்னு சொன்னேனே, அது வண்டியைத் தள்ற பித்தளைக் கம்பி. பக்கத்துல உயரமா ஒருத்தன் சிரிச்சுக்கிட்டு இவர் தோள்ல கை போட்டு நிக்கறான். பின்பக்கம் துரை கைப்பட எழுதியிருக்காரு: 'என் வண்டிக்காரர்கள், அய்யாக்கண்ணு, கன்னியப்பன்.'

நான் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி பார்த்தேன். அதேதான்.

பொண்ணு முகம் பூரா சிரிப்பு. எவ்ளோ அழகான படம் சார், இவ்ளோ நட்பா ரெண்டு வண்டிக்காரங்க நிக்கற படம் ஊர்ல இன்னொண்ணு இல்ல, இதையே பெருசாப் போடலாம்னுச்சு. அப்புறம் சாதாரணமாக் கேட்டுச்சு, கன்னியப்பன் குடும்பம் இப்ப எங்க இருக்குன்னு தெரியுமா சார்னு.

நான் சொன்னேன்: "அவங்கல்லாம் எப்பவோ ஊரை விட்டுப் போயிட்டாங்கம்மா."

அதை எப்படிச் சொன்னேன்னு தெரியலை தம்பி. வாயில அது தயாரா இருந்துச்சு. பொண்ணு சரி சார்னு கிளம்பிச்சு. சந்து முனையில பச்சைவாழி வண்டிகிட்ட கொஞ்ச நேரம் நின்னு பேசிட்டிருந்ததை ஜன்னல்ல பார்த்தேன். வழி கிழி கேட்டிருக்கும்.

கவரை பழைய பஞ்சாங்கத்துக்கு அடியில வச்சேன். ஆதாரம் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதன்கிழமை பச்சைவாழி சட்டை கொண்டாந்தா, ஒண்ணும் கேக்கலை. வியாழக்கிழமை வந்தா, அன்னிக்கும் கேக்கலை. அவ போனப்புறம் வாயுத் தொந்தரவுன்னு சீரகத் தண்ணி குடிச்சேன், நிக்கலை. வேதவல்லி பஞ்சாங்கம் பார்க்கறேன்னு எடுத்தவ கவரைப் பார்த்துட்டா. படத்தை ரொம்ப நேரம் பார்த்தா. "நல்லா இருக்காரே உங்க கொள்ளுத்தாத்தா, இதுல சிரிக்கறாரு"ன்னா. எங்க படத்துல அவர் சிரிக்கறது மீசைக்குள்ள எனக்குத் தெரிஞ்சதே இல்ல. கொடுத்துடுங்க அவகிட்டன்னு சொன்னா. எனக்குப் பேரன் பேத்தி இருக்காங்க, அவங்களுக்கு நாளைக்கு நான் என்னடி சொல்றது, வண்டி தள்ளினவர் பரம்பரைன்னான்னு கேட்டேன். அன்னிக்குக் குழம்புல உப்பு இல்ல.

வெள்ளிக்கிழமையும் போச்சு. எனக்கு ஒரு வழியா ஒரு தெளிவு வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, துரை சும்மா உட்கார்ந்திருந்தாரு. வண்டி நகர்ந்தது யாரால? அப்போ பிரெஞ்சு நிர்வாகத்தையே பின்னாடி இருந்து நடத்தினது எங்க கொள்ளுத்தாத்தான்னு சொல்றதுல என்ன தப்பு? துபாஷ் கூட அவ்வளவு செஞ்சதில்ல. அந்தக் காலத்துல துபாஷ் உத்தியோகமே ஒழிஞ்சு போச்சு சார்னு நஸீமா சொல்லுது. உத்தியோகமே இல்லாதப்பவும் அதைப் பார்த்திருக்காருன்னா எவ்வளவு பெரிய மனுஷனா இருக்கணும்?

இதையெல்லாம் மதாம்கிட்ட பக்குவமாச் சொன்னேன். அவங்களுக்கும் வண்டிக்காரர் வேணாம். நிதி குடுக்கறவங்க துபாஷ் சந்துக்குன்னுதான் குடுக்கறாங்க, வண்டிக்கொட்டாய்க்கு இல்ல. குடும்பத்தோட சம்மதம் இல்லாம முழுப் படத்தையும் போடக்கூடாதுன்னு நஸீமாகிட்ட கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. ஆனா எங்க வீட்டுப் படம் சந்தனம் அப்பி மங்கிக் கிடக்கே, அச்சுக்கு ஆகாது. அதனால பிரான்சுலேர்ந்து வந்த படத்தையே எடுத்து, எங்க தாத்தா வெட்டினாப்லயே கம்ப்யூட்டர்ல வெட்டிக்கறதுன்னு முடிவாச்சு. நானும் நஸீமாவும் உட்கார்ந்தோம். வண்டி போச்சு, துரை போனாரு, கம்பி தடியாச்சு, கன்னியப்பன் போனான். பொண்ணு கோட்டை அவன் மணிக்கட்டுல கொண்டாந்து நிறுத்திட்டு என்னைப் பார்த்துச்சு.

"இந்தக் கை சார்? இதையும் எடுத்துடலாமா?"

"அய்யய்யோ. கை இருக்கணும்மா. கைதானே கவர்னரு."

"அப்போ நல்லாப் பெருசாத் தெரியட்டுமா சார்?"

"நல்லாப் பெருசா"ன்னேன். எவ்வளவு மரியாதையான பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டேன். வாசகத்துல 'மாண்புமிகு ஆளுநர் அன்போடு தோள்மேல் கரம் வைத்து' ன்னு நானே எழுதினேன். அதுக்கு மட்டும் நாலு ப்ரூஃப் பார்த்தேன். படத்துக்குப் ப்ரூஃப் பார்க்கற வழக்கம் எங்க தொழில்ல கிடையாது.

திறப்பு விழாவை அதே வருஷம் ஜூலை பதினாலு காலையில வச்சோம். மறுநாள் வண்டியை எடுக்கணும்னு பச்சைவாழிக்கு ஆளு வந்து சொல்லிட்டுப் போயாச்சு. அந்த விழாவுக்குப் பலகை மேல மூட ஒரு பட்டுத்துணி வேணும். சுருக்கமா இருந்துச்சு. சந்துல இஸ்திரி போட வேற யாரு? அவதான் போட்டுக் கொடுத்தா. காசு வாங்கலை. நல்ல காரியத்துக்குதானேண்ணான்னா. அந்த வார்த்தையை நினைச்சா இன்னிக்கும் எனக்கு வாயு வந்துடுது.

பதினோரு வீட்டுக்காரங்களும் வந்தாங்க. மதாம் பேசினாங்க, நான் பேசினேன், பெரியவங்க ரெண்டு மூணு பேரு பேசினாங்க. துணியை இழுத்தோம். எல்லாரும் கை தட்டினாங்க. என்ன தெளிவு தம்பி, மீசை முடி ஒவ்வொண்ணாத் தெரியுது. கை மட்டும் முறம் அளவுக்கு இருக்கு. கவர்ல வந்த சின்னப் படத்துல நான் முகத்தையும் எழுத்தையும்தான் பார்த்தேன், கையை உத்துப் பார்க்கறது அப்பத்தான். கை தட்டல் அடங்கினதும் ஏழாம் நம்பர் தணிகாசலம் விரலை நீட்டி நீட்டி எண்ணிக்கிட்டு வர்றான்.

"தேசிங்கு, கவர்னருக்கு ஆறு விரலா?"

பெருவிரலை ஒட்டி, குட்டியா, நகத்தோட. நான் முப்பத்தோரு வருஷம் ப்ரூஃப் பார்த்தவன். எல்லாரும் பலகையைப் பார்க்கறாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரா வண்டிப் பக்கம் திரும்பறாங்க. பச்சைவாழி வண்டியை விட்டு நகர்ந்து வந்தா. பலகைகிட்ட நின்னா. யாரையும் பார்க்கலை. தன்னோட வலது கையைத் தூக்கி அந்தக் கைக்குப் பக்கத்துல வச்சா. "எங்க பூட்டன்"னா. அவ்வளவுதான் சொன்னா.

ஏன் தம்பி, கவர்னருக்கு ஆறு விரல் இருந்திருக்கக் கூடாதா? பிரான்சுல ஆறு விரலோட யாரும் பொறக்கறதே இல்லையா? நான் இதைக் கேட்டேன், அங்கயே கேட்டேன். தணிகாசலம் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறான். துபாஷாம் துபாஷுன்னு சிரிக்கறான்.

அப்பத்தான் நஸீமா முன்னாடி வந்துச்சு, கையில முழுப் படத்தோட. நான் சொன்ன பொய்யை அது சொல்லிக் காட்டலை. அதுக்குள்ள நான் செத்துப் போயிட்டேன்னு வச்சுக்கங்க. மூணு தலைமுறைக்கு மேல ஆதாரம் இதோ இருக்கு, பேரே எழுதியிருக்குன்னு மதாம்கிட்ட கொடுத்துச்சு. கடைசி நாள் தாண்டிடுச்சேன்னு மதாம் இழுத்தாங்க. சந்துக்காரங்க ஒத்துக்கிட்டா நாள் கணக்கு பார்க்க வேணாம்னு நம்ம சட்டத்துலயே இருக்கு மதாம்னு சொல்லிட்டு, பதினோரு வீட்டுக்காரங்களையும் பார்த்து ரொம்பப் பணிவாக் கேட்டுச்சு.

"இந்தச் சந்துல எடுத்த படம் அங்க இன்னும் ஒரு பெட்டி இருக்கு. எல்லாத்துக்கும் பின்னாடி பேரு இருக்கு. யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க, அதையெல்லாம் வரவழைச்சு ஒவ்வொரு வீடா விசாரிச்சுடலாம்."

தணிகாசலம் சிரிப்பை நிறுத்திட்டான். எட்டாம் நம்பர்க்காரர் இருமினாரு. சந்து நலச்சங்கத்துல ஒரு விஷயம் ஏகமனதா முடிவானது அன்னிக்கு ஒருநாள்தான், அரை நிமிஷத்துல. மொதல்ல கையைத் தூக்கினவன் தணிகாசலம். வண்டி இருக்கட்டும், பாவம், பெட்டியும் அங்கயே இருக்கட்டும்னான். வண்டியில ஒட்டியிருக்கு பாருங்க, 'பாரம்பரியத் தொழில்'னு சீட்டு. சந்துல சீட்டு வாங்கின ஒரே குடும்பம் அவளுதுதான். பதினோரு துபாஷுக்கும் இன்னும் சீட்டு இல்ல.

வாசகத்தை ஏன் மாத்தலைன்னு கேக்கறீங்களா? மாத்தச் சொல்லி நான் இன்னும் எழுதிக் கொடுக்கலை. எழுதணும். ஒரு வாக்கியம் அமைய மாட்டேங்குது.

அன்னிக்குக் கூட்டம் கலையறப்போ நஸீமா, சார், ஒரே ஒரு போட்டோன்னுச்சு. பழைய படத்துல நின்னாங்கள்ல, அதே மாதிரி நீங்களும் இவங்களும் நில்லுங்கன்னுச்சு. நான் வேணாம்னேன். எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்காங்க. வேதவல்லி என் முதுகுல ஒரு தள்ளு தள்ளிவிட்டா. போய் நின்னேன். பச்சைவாழி என் இடது பக்கம் வந்து நின்னா. "கை வைக்கட்டாண்ணா?"ன்னு கேட்டா. நான் கேமராவைப் பார்த்தேன். வச்சா.

சூடா இருந்துச்சு தம்பி. இஸ்திரிப் பெட்டி புடிச்ச கை. நான் போட்டிருந்தது அவ தேய்ச்ச சட்டை. பதினெட்டு வருஷமா அதே தோளை அந்தக் கை தடவித் தடவி மடிச்சிருக்கு, ஆனா உள்ள நான் இருக்கறப்போ தொட்டது அன்னிக்குத்தான் மொத தடவை. ஆறு விரலும் தனித்தனியாத் தெரிஞ்சுது. மன்னிச்சுக்கன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள போட்டோ எடுத்து முடிச்சுட்டாங்க.

அந்தப் படத்தை நஸீமா பெருசாப் போட்டுக் கொடுத்துச்சு. கூடத்துல கொள்ளுத்தாத்தா படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கேன். போன மாசம், இந்த வருஷ ஜூலை பதினாலுக்கு, வேதவல்லி வழக்கப்படி ரெண்டு கைக்கும் சந்தனம் வச்சா. நான் ஈரத்துணி எடுத்துட்டு வந்து துடைச்சேன். புதுப் படத்துல சட்டுன்னு போயிடுச்சு. பழையதுலதான் மூணு தலைமுறைச் சந்தனம், கல்லு மாதிரி. வெந்நீர் ஊத்தி, நகத்தால சுரண்டி, அரை நாள் ஆச்சு எனக்கு. கடைசியா அந்தக் குட்டி விரல் வந்துச்சு. நகத்தோட.

சந்தனம் படிஞ்சா கண்ணாடி மங்கிப் போகுது தம்பி, அதுக்காகத்தான் துடைச்சேன். வேற ஒண்ணும் நினைச்சுக்காதீங்க.